ஒல்லாந்தர் ஏறாத மலையில் ஒல்லாந்தப் பெயர்கள்

ஊவாவை ஒல்லாந்தர் ஒரு நாள்கூட ஆண்டதில்லை. 1658இல் யாழ்ப்பாணத்தைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்த நாள் முதல், 1796இல் ஆங்கிலேயரிடம் எல்லாவற்றையும் ஒப்படைத்த நாள் வரை, அவர்கள் கையில் இருந்தது கரையோரம் மட்டுந்தான். பதுளை கண்டி அரசனுடையது. போர்த்துக்கேயராவது படையோடு ஏறி வந்தார்கள்: கொன்ஸ்தந்தினு டி சா 1630இல் பதுளையை எரித்துவிட்டுத் திரும்பும் வழியில் ரந்தெனிவெலையில் மாண்டுபோனார். ஒல்லாந்தருக்கு இந்தப் பக்கம் அப்படியொரு கதைகூட இல்லை. இருந்தும் யான்ஸ், பார்த்தலோமியூஸ், வான் லாங்கன்பேர்க், டி கிரெட்சர் போன்ற பெயர்கள் மலைநாட்டுப் புகையிரத நிலையங்களிலும் கச்சேரிகளிலும் ஆஸ்பத்திரிகளிலும் ஒரு காலத்தில் சாதாரணமாகக் காதில் விழுந்தவை. இன்று அவற்றைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

ஒரு குடும்பப் பெயர் எங்கே பிறந்தது, எந்த வழியாக நகர்ந்தது, எங்கே அற்றுப்போனது என்று பார்ப்பது வெறும் வம்ச வரலாற்று ஆர்வம் அல்ல. மரபியலாளர்களும் புள்ளியியலாளர்களும் நூற்றைம்பது ஆண்டுகளாக இதைக் கருவியாகக் கையாண்டு வருகிறார்கள். குடும்பப் பெயர் பெரும்பாலும் தகப்பனிடமிருந்து மகனுக்குப் போகிறது. ஆணின் வை நிறமூர்த்தமும் அப்படியே போகிறது. ஆகவே ஒரு பெயரின் பரவலை வரைபடத்தில் குறித்தால், ஆண்வழி ஒன்றின் நடமாட்டம் ஓரளவு தெரிந்துவிடுகிறது. அந்த "ஓரளவு" எவ்வளவு என்பதை ஊவாவை வைத்துப் பார்க்கலாம்.

முதலில் நெதர்லாந்து. அங்கேயே எல்லோருக்கும் நிலையான குடும்பப் பெயர் வந்தது மிக அண்மையில்தான். நெப்போலியன் ஆட்சியில், 1811 ஓகஸ்ட் மாதம், ஒவ்வொருவரும் ஒரு குடும்பப் பெயரைப் பதிய வேண்டும் என்று ஆணை பிறந்தது. நகரத்து வசதிக்காரர்களிடம் அதற்கு முன்பே பெயர் இருந்தது. நாட்டுப்புறத்தில், குறிப்பாக வடக்கே, ஆட்கள் நம்மைப் போலத்தான் இருந்தார்கள்: இன்னாருடைய மகன் இன்னார். யான் என்பவரின் மகன் பீட்டர் என்றால் பீட்டர் யான்ஸ்சோன். எழுதும்போது கடைசிச் சொல்லைச் சுருக்கி, 'மகன்' என்பதற்கு அதன் முதல் எழுத்தை மட்டும் போடுவார்கள். அந்தப் பீட்டரின் மகன் யான்ஸ் ஆகமாட்டான், பீட்டர்ஸ் ஆவான். தலைமுறைக்குத் தலைமுறை பெயர் மாறிக்கொண்டே போகும்.

அந்தச் சுருக்கம் நெதர்லாந்தில் பெரும்பாலும் வேறு வடிவங்களாக மாறிவிட்டது. இலங்கையில்தான் அது பழைய எழுத்தோடு உறைந்து கிடக்கிறது. யான்ஸ், பீட்டர்ஸ், அந்தோனிஸ், பார்த்தலோமியூஸ் என்ற பறங்கியர் (ஐரோப்பிய வழிவந்த இலங்கையர்) பெயர்களின் ஒல்லாந்த எழுத்துக்கூட்டலில் வாலாக நிற்பது அந்த 'மகன்'தான். ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் கப்பலில் வந்து இறங்கிய சிப்பாயோ தச்சனோ கணக்கெழுதுபவனோ தன் தகப்பன் பெயரைச் சொல்லியிருப்பான். பேரேட்டில் எழுதியது அப்படியே நின்றுவிட்டது. அவன் பேரப்பிள்ளைகள் ஆங்கிலேயர் காலத்துக்கு வந்தபோது அதுவே குடும்பப் பெயர். ஊரில் அழிந்த வழக்கு குடியேறிய இடத்தில் நிலைப்பது மொழியில் அடிக்கடி நடப்பது. பெயரிலும் நடந்திருக்கிறது.

அந்தக் கப்பல்களில் வந்தவர்கள் எல்லோரும் ஒல்லாந்தரும் அல்லர். 1602 முதல் இரண்டு நூற்றாண்டுக் காலத்தில் கம்பனியின் கப்பல்களில் ஆசியாவுக்கு வந்தவர்கள் ஏறத்தாழ 10 லட்சம் பேர். அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் செருமானியர், ஸ்கண்டிநேவியர், பெல்ஜியத்துக்காரர் போன்ற வெளியார். ஒவ்வொருவரின் ஊரும் சம்பளமும் கடனும் கப்பலின் சம்பளப் பேரேட்டில் ஏறின. 18ஆம் நூற்றாண்டுப் பேரேடுகள் இன்றும் ஹேக் நகரத்துத் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. ஒரு கூலிச் சிப்பாயின் பிறந்த ஊர் இருநூற்றைம்பது ஆண்டுக்குப் பிறகும் தெரிகிறது. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், தோட்டத்துப் பேரேடுகளைப் பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

போர்த்துக்கேயப் பெயர்களின் கதை வேறு. ஞானஸ்நானத்தின்போது பாதிரியாரும் ஞானத்தகப்பனும் கொடுத்த பெரேரா, சில்வா, பெர்னாண்டோ ஆயிரக்கணக்கான சிங்களக் குடும்பங்களிலும் தமிழ்க் குடும்பங்களிலும் ஒட்டிக்கொண்டன. பதுளைக் கடைத்தெருவில் ஒரு பெரேராவைச் சந்தித்தால் அவருடைய பாட்டனார் லிஸ்பனிலிருந்து வந்தார் என்று யாரும் நினைப்பதில்லை. ஒல்லாந்தப் பெயர்கள் அப்படி ஊரெங்கும் பரவவில்லை. அதனால்தான் அவை அரிய பெயர்களாகவே இருந்தன. ஆண்வழியைத் தேடுபவருக்கு அந்த அருமையே உதவி.

இவை மலையேறியது ஆங்கிலேயர் காலத்தில். 1886இல் ஊவா தனி மாகாணமாகி, பதுளை அதன் தலைநகராயிற்று. கச்சேரிக்கும் நீதிமன்றத்துக்கும் நில அளவைக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஆங்கிலம் எழுதத் தெரிந்தவர்கள் தேவைப்பட்டார்கள். கொழும்பிலும் காலியிலும் மாத்தறையிலும் இருந்த பறங்கியர் குடும்பங்களின் பிள்ளைகள் அந்த வேலைகளுக்கு வந்தார்கள். புகையிரதம் 1885இல் நானுஓயாவைத் தொட்டது, 1893இல் அப்புத்தளையை, 1894இல் பண்டாரவளையை. அங்கிருந்து பதுளைக்கு வந்து சேர மேலும் முப்பது ஆண்டு பிடித்தது. ஒன்பது வளைவுப் பாலமும் தெமோதரைச் சுற்றும் கட்டி முடித்து, 1924இல்தான் பதுளை நிலையம் திறந்தது. எஞ்சின் சாரதிகளும் கார்டுகளும் நிலைய அதிபர்களுமாகப் பறங்கியர் நிறைந்திருந்த காலம் அது. ஊவாவில் ஒல்லாந்தப் பெயர்களைப் புள்ளியிட்டால், அந்தப் புள்ளிகள் ஒல்லாந்தர் கட்டிய கோட்டைகளைச் சுற்றி நிற்கமாட்டா. ஆங்கிலேயர் போட்ட தண்டவாளத்தை ஒட்டி நிற்கும்.

இதற்குள் வேறொரு வழியாகவும் ஒல்லாந்தப் பெயர்கள் ஊவாவுக்கு வந்துவிட்டன, அதுவும் ஒரே தடவையில் ஆயிரக்கணக்கில். தென்னாபிரிக்காவில் ஆங்கிலேயருக்கும் போயர்களுக்கும் 1899இல் போர் மூண்டது. போயர்கள் நன்னம்பிக்கை முனையில் குடியேறிய ஒல்லாந்தர், செருமானியர், பிரெஞ்சுப் புரட்டஸ்தாந்தர் ஆகியோரின் வழிவந்தவர்கள். பிடிபட்டவர்களை ஆங்கிலேயர் கடல் கடந்து அனுப்பினார்கள்: செயின்ட் ஹெலனாவுக்கும் பெர்முடாவுக்கும், இந்தியாவில் திருச்சிராப்பள்ளி உட்படப் பல இடங்களுக்கும், இலங்கைக்கும். 1900 ஓகஸ்டில் முதல் தொகுதிக் கைதிகள் தியத்தலாவைக்கு வந்து சேர்ந்தார்கள். நாலாயிரம் அடி உயரத்தில், பத்தனைப் புல் மூடிய மேட்டில், தகரக் கொட்டகைகள் எழுந்தன. இலங்கையில் அடைபட்டிருந்தவர்கள் ஏறத்தாழ 5,000 பேர். குடற்காய்ச்சலில் பலர் அங்கேயே இறந்தார்கள். மிச்சப்பேர் மரத்தில் பெட்டியும் பொம்மையும் செதுக்கிப் பொழுதைப் போக்கினார்கள். 1902இல் சமாதானம் ஆனதும், ஆங்கிலேய முடிக்கு விசுவாசமாக இருப்பதாகச் சத்தியம் செய்தவர்களைக் கப்பல் ஏற்றி அனுப்பினார்கள்.

சத்தியம் செய்ய மறுத்தவர்களும் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் பெயர் எங்கல்பிரெக்ட். பழைய செருமானிய ஆட்பெயர் ஒன்றிலிருந்து பிறந்த குடும்பப் பெயர் அது. நெதர்லாந்தில் அவ்வளவாகக் காணக்கிடைக்காது, தென்னாபிரிக்காவில் பரவலாக இருக்கிறது. இலங்கையில் அந்தப் பெயரை அறியச்செய்தவர் இந்த ஒரே மனிதர். ஊர் திரும்ப வழியில்லாமல் தெற்கே அம்பாந்தோட்டைப் பக்கம் தங்கிப்போனார். லெனார்ட் வூல்ஃப் அங்கே உதவி அரசாங்க அதிபராக இருந்த காலம் அது. யால வேட்டைக் காப்புக் காட்டைப் பார்த்துக்கொள்ளும் வேலை எங்கல்பிரெக்ட் கையில் வந்தது. இன்று ஊவாவிலும் தென் மாகாணத்திலுமாகப் பரந்து கிடக்கும் யால தேசிய வனத்தின் முதல் காவலர் அவர்தான். முதல் உலகப் போர் வந்ததும், எம்டன் என்ற செருமானியப் போர்க்கப்பலுக்கு இறைச்சி கொடுத்தார் என்று சந்தேகித்துச் சிறையில் வைத்தார்கள். குற்றம் மெய்ப்பிக்கப்படவேயில்லை. தன் மண்ணை வென்றவர்களுக்குத் தலைவணங்க மறுத்தவர், அவர்களுடைய காட்டைக் காத்துக்கொண்டே காலம் கழித்தார். இந்தத் தீவின் பெயர் வரலாற்றில் என்னை மிகவும் நெகிழவைப்பவர் அவர்.

போயர்களின் முன்னோர் இறங்கிய நன்னம்பிக்கை முனையில், அதாவது கேப் குடியேற்றத்தில், ஒரு பெயர் எப்படிப் பெருகியது என்பதற்கு மருத்துவத்தில் புகழ்பெற்ற சான்று உண்டு. தென்னாபிரிக்காவின் போர்ட் எலிசபெத் நகரத்து மருத்துவர் ஜெஃப்ரி டீன், வெயில் பட்டால் கை கொப்பளிக்கும், சில மயக்க மருந்துகள் கொடுத்தால் உடல் செயலற்றுப்போகும் நோயாளிகளைக் கண்டார். பொர்ஃபிரியா என்ற பரம்பரை நோய் அது. குருதியின் சிவப்பு நிறத்துக்கான சேர்மத்தை உடல் ஆக்கும் பாதையில் ஒரு நொதியம் பாதியளவே வேலை செய்வதால் வருவது. வான் றோயன் குடும்பத்தில் அது அவ்வளவு வழக்கமாக இருந்ததால், வீட்டார் 'வான் றோயன் தோல்' என்றே அதைச் சொல்லிவந்தார்கள். டீன் பண்ணை பண்ணையாக, வேதாகமத்தின் முதல் பக்கத்தில் எழுதிய குடும்பப் பட்டியல் பட்டியலாக, பெயர்களைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போனார். எல்லா வழிகளும் 1688இல் கேப்பில் மணமுடித்த ஒரே தம்பதியில் வந்து கூடின. கணவன் பெயர் கெரிட் யான்ஸ். ஆம், நம் பறங்கியர் பெயரில் நிற்கும் அதே வால். போயர் வழிவந்த ஆபிரிக்கானரில் ஆயிரத்துக்கு 3 பேர் அளவில் இந்த மரபணு இருப்பதாக டீன் மதிப்பிட்டார். அதே கணக்கைப் பின்னோக்கிப் போட்டால், இலங்கைக்கு வந்த 5,000 கைதிகளில் 15 பேர் அளவில் அந்தத் தம்பதியின் மரபணுவைச் சுமந்து தியத்தலாவை வெயிலில் நின்றிருக்கலாம்.

கேப்பில் ஒரு தம்பதி ஆயிரக்கணக்கானோராகப் பெருகியது. ஊவாவில் பெயர்கள் தேய்ந்தன. ஏன்? இதற்குக் கணிதம் இருக்கிறது. 1875இல் பிரான்சிஸ் கோல்ட்டனும் ஹென்றி வாட்சன் என்ற பாதிரியாரும் சேர்ந்து, குடும்பப் பெயர்கள் ஏன் அழிகின்றன என்று ஒரு கட்டுரை எழுதினார்கள். ஒருவருக்குப் பெயரைக் கொண்டுசெல்லும் ஆண் பிள்ளைகள் சராசரியாக ஒன்று என்று வையுங்கள். கால்பங்குப் பேருக்கு மகன் இல்லை, பாதிப் பேருக்கு ஒரு மகன், கால்பங்குப் பேருக்கு இரண்டு மகன்கள். மொத்த மக்கள்தொகை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இப்படி ஒற்றை ஆளில் தொடங்கும் 100 பெயர்களில் முதல் தலைமுறையிலேயே 25 போய்விடும். இரண்டாம் தலைமுறை முடிவில் மொத்தம் 39, மூன்றாவதில் 48, நான்காவதில் 55. காத்திருந்தால் எல்லாமே அழியும். யாரும் குற்றம் செய்ய வேண்டியதில்லை, நோய் வர வேண்டியதில்லை. வாய்ப்பு மட்டுமே போதும். ஆண் பிள்ளைகளின் சராசரி ஒன்றைத் தாண்டினால்தான் தப்ப வழி பிறக்கிறது. அப்போதும் உறுதி கிடையாது: அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கை வைத்து ஆல்ஃபிரட் லோட்கா 1931இல் கணித்தபோது, ஓர் ஆண்வழி என்றாவது அறுந்துபோகும் வாய்ப்பு நூற்றுக்கு 80க்கும் மேல் என்று வந்தது. நிறையப் பிள்ளை பெற்ற, நிலம் பரந்து கிடந்த கேப் பண்ணைகளில் பெயர் தப்பியது. பதுளைக்கு மாற்றலாகி வந்து, சில ஆண்டில் அனுராதபுரத்துக்கு மாற்றலாகிப் போகும் உத்தியோகத்தரின் பெயர் ஓரிடத்தில் வேர்விடவே நேரமில்லை.

பெயர் அறுந்தால் வம்சம் அறுந்தது என்று பொருளல்ல. நில்கலைக் காட்டிலும் பிந்தனையிலும் வேடர்களைத் தேடி நடந்த மருத்துவர் ஆர். எல். ஸ்பிட்டலை (1881–1969) ஊவாவின் கிழக்கு மறக்கமாட்டாது. பறங்கி நோய்ப் புண்ணால் வருந்தியவர்களுக்கு வைத்தியம் பார்த்தவர், காட்டு வாழ்வை எழுதியவர். அவருக்குப் பின் அந்த எழுத்தைத் தொடர்ந்தவர் மகள். அவருடைய நூல் அட்டையில் இருக்கும் பெயரோ கிறிஸ்டின் வில்சன். குடும்பப் பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு போகும் ஆய்வாளருக்கு இந்தத் தகப்பனும் மகளும் வெவ்வேறு ஆட்கள். தாய்வழி முழுவதும் இப்படித்தான் வரைபடத்திலிருந்து விழுந்துவிடுகிறது. 1908இல் தொடங்கிய ஒல்லாந்தப் பறங்கியர் சங்கம், ஆண்வழி வம்சத்தையே உறுப்புரிமைக்கு அளவுகோலாகக் கொண்டது. அரசாங்க ஆவணக் காப்பாளர் ஆர். ஜி. அந்தோனிஸ் முன்னின்று நடத்திய அதன் சஞ்சிகை, குடும்பம் குடும்பமாக வம்சாவளி வெளியிட்டது. பெரிய உழைப்பு. ஆனால் அந்தக் குடும்பங்களின் முதல் தாய்மாரில் எத்தனையோ பேர் இந்த மண்ணின் பெண்கள். பெயர் அதைச் சொல்லாது.

ஆண்வழிகூட ஒல்லாந்தில் தொடங்காத ஒல்லாந்தப் பெயர் ஒன்று இருக்கிறது, அதுவும் நம்முடையது. 17ஆம் நூற்றாண்டில், தேசாதிபதியின் வீட்டில் வைத்தியம் பார்க்கத் தஞ்சாவூரிலிருந்து ஒரு தமிழ் வைத்தியர் கொழும்புக்கு வந்தார் என்பது ஒண்டாச்சி குடும்பத்தின் மரபு. தமிழ் ஒலியோடு இருந்த பெயருக்கு ஒல்லாந்த எழுத்துக்கூட்டல் ஏறியது. வால்பகுதி அம்மொழியில் செல்லமாகக் குறுக்கிச் சொல்லும் விகுதி போலவே ஆகிவிட்டது. அந்த வழியில் வந்த வில்லெம் யூர்கன் ஒண்டாச்சி மதகுருவானார், அம்ஸ்டர்டாமைச் சேர்ந்த குயின்ட் குடும்பத்துப் பெண்ணை மணந்தார். கொழும்பில் 1758இல் பிறந்த அவர்களுடைய மகன் குயின்ட் ஒண்டாச்சி உத்ரெக்ட் பல்கலைக்கழகத்துக்குப் போய், 1780களில் அங்கே மூண்ட மக்களாட்சிக் கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கினார். 1818இல் பத்தாவியாவில் இறந்தார். இன்று அந்தப் பெயரை உலகம் அறிவது கனடாவில் வாழும் எழுத்தாளர் மைக்கேல் ஒண்டாச்சியால். தஞ்சாவூர், கொழும்பு, உத்ரெக்ட், பத்தாவியா, டொரொன்டோ என்று பெயர் போன தடம் இது. தொலைபேசிப் புத்தகத்தை மட்டும் வைத்துக் கணக்கிடும் கணினி இதை ஒல்லாந்தப் பெயர் என்றுதான் வகைப்படுத்தும்.

1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தது. ஆங்கிலத்தையே வீட்டு மொழியாகவும் பிழைப்பாகவும் கொண்டிருந்த பறங்கியர் கப்பல் ஏறினார்கள். அவுஸ்திரேலியா அப்போது வெள்ளையர்களுக்கே கதவைத் திறந்தது. ஐரோப்பிய வம்சாவளியை நிரூபிக்க, சங்கத்துச் சஞ்சிகையில் அச்சான அந்த வம்சாவளிகளே சான்றாகப் போயின. மெல்பேர்ண் பறங்கியரின் இன்னொரு தலைநகராயிற்று. இலங்கையில் 2012 குடிசன மதிப்பீட்டில் பறங்கியர் 40,000க்கும் குறைவு, மொத்தத்தில் நூற்றுக்கு 0.2 அளவு. மலைநாட்டுப் புள்ளிகளும் அணைந்துபோயின.

ஊவா வரைபடத்தில் இன்னொரு பெரிய வெற்றிடம் உண்டு. பசறை, மடுல்சீமை, நமுனுகுலை, லுணுகலை, அப்புத்தளை, ஹாலிஎல என்று தோட்டந்தோட்டமாக ஆறேழு தலைமுறை வாழ்ந்த தமிழ்த் தொழிலாளர்களின் பெயர்கள் அதில் எந்தப் புள்ளியையும் உண்டாக்குவதில்லை. கோப்பிக் காலத்திலேயே வந்தவர்கள் இவர்கள். கோப்பியை அழித்த இலைத்துரு நோய் 1869இல் முதலில் தலைகாட்டியது மடுல்சீமையில்தான். அந்தச் செடிகளுக்கிடையே நின்றவர்களும் இவர்களே. அயலிலுள்ள சிங்களக் கிராமத்தில் ஆர். எம்., எச். எம்., டி. எம். என்ற எழுத்துகளுக்குப் பின்னால் ரத்நாயக்க, ஹேரத், திசாநாயக்க முதியான்சேலாகே என்ற வம்சப் பெயர் நிற்கிறது. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் நிற்கும் எழுத்து தகப்பன் பெயருடையது. மகன் காலத்தில் அது மாறிவிடும். 1811க்கு முந்தைய நாட்டுப்புற நெதர்லாந்துக்காரர் எப்படியோ, அப்படியே.

பெயரை வைத்து உறவுத் திருமணத்தை அளக்கும் முறையும் இங்கே பலிக்காது. சார்ல்ஸ் டார்வினின் மகன் ஜார்ஜ், கோல்ட்டன் கட்டுரை வந்த அதே 1875இல், மணமகனுக்கும் மணமகளுக்கும் ஒரே குடும்பப் பெயர் இருக்கும் திருமணங்களை எண்ணி, ஒன்றுவிட்ட உறவில் எத்தனை பேர் மணக்கிறார்கள் என்று மதிப்பிட்டார். மரபியலில் இன்றும் அதன் வழிமுறைகள் வாழ்கின்றன. தமிழரிடம் பெரியப்பா, சித்தப்பா பிள்ளைகள் அண்ணன் தங்கை. மணப்பது மாமன் மகளை, அத்தை மகனை. தமிழருக்குக் குடும்பப் பெயர் இருந்திருந்தாலும், மாமன் மகளும் அத்தை மகனும் எப்போதும் வெவ்வேறு பெயர் தாங்கியிருப்பார்கள். லயத்துக்கு லயம் முறைக்காரராகவே இருந்தாலும், டார்வின் கணக்கில் பூச்சியந்தான் வரும்.

பேரேடு இல்லாமலா? இருந்தது. பெரட்டுக்களத்தில் கணக்குப்பிள்ளை கூப்பிட்ட பெயர், கிளாக்கர் ஐயா செக்ரோலில் எழுதிய பெயர், தோட்டத்து டிஸ்பென்சர் ஐயா பிறப்பு அறிவித்தலில் எழுதிய பெயர். முனியாண்டி மகன் பழனியாண்டி என்று ஒருவர் இருந்தால், செக்ரோலில் அவர் எண்ணும் பழனியும். பிறப்புப் பத்திரத்தில் ஆங்கில எழுத்தில் ஒரு வடிவம். சிங்களத்தில் ழகரத்துக்கு எழுத்தில்லாததால் அடையாள அட்டையில் பலனியாண்டி. ஆள் ஒருவர், காகிதத்தில் மூவர். 1948 பிரஜாவுரிமைச் சட்டம் தகப்பனும் பாட்டனும் எங்கே பிறந்தார்கள் என்று கேட்டபோதும், 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு பிரஜாவுரிமைக்கு விண்ணப்பம் போட்டபோதும், இந்த ஒற்றை எழுத்துப் பிசகு குடும்பங்களை ஆட்டிவைத்தது. ஒல்லாந்தச் சிப்பாயின் ஊர் ஹேக்கில் பத்திரமாக இருக்கிறது. பழனியாண்டியின் பாட்டன் எந்தக் கங்காணியோடு, எந்த ஊரிலிருந்து வந்தார் என்பதைச் சொல்லக்கூடிய பழைய செக்ரோல் புத்தகங்கள் தோட்டக் காரியாலயங்களில் ஈரத்திலும் கரையானிலும் போகின்றன. அவற்றைப் படமெடுத்து ஆவணக் காப்பகத்தில் சேர்க்க இன்னும் காலம் இருக்கிறது, ஆனால் அதிக காலம் இல்லை.

புதிய பெயர்களும் பிறந்துகொண்டிருக்கின்றன. வளைகுடாவுக்கு வேலைக்குப் போகும் பதுளைத் தோட்டத்துப் பெண் கடவுச்சீட்டு விண்ணப்பத்தில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தை நிரப்ப வேண்டியிருக்கிறது. ஒருவர் தகப்பன் பெயரைப் போடுகிறார், தம்பி தன் சொந்தப் பெயரையே போடுகிறார், அக்கா புருஷன் பெயரைப் போடுகிறார். ஒரே வயிற்றில் பிறந்த மூவருக்கும் மூன்று குடும்பப் பெயர். அவர்களில் யாராவது மிலானிலோ டொரொன்டோவிலோ குடியேறிப் பிள்ளை பெற்றால், கட்டத்தில் எழுதிய அந்தச் சொல் அங்கே நிலைத்துவிடும். பேரப்பிள்ளைகள் எல்லோரும் முனியாண்டிகளாகவோ பழனியாண்டிகளாகவோ இருப்பார்கள்.